வானொலியில் வராத பெயர்

ஓரெஸ்ட் டனிலுக் பதினான்கு வருடம் எங்கள் அணிக்கு ஃபுட்பால் ஆடினான். அந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் பந்தைக் கையில் வாங்கியதில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தபால்காரர் ஊர்க் கடிதத்தையெல்லாம் பிரித்துப் படித்துவிட்டா கொடுக்கிறார்?

கனடாவில், எங்கள் ரெஜைனா ஊரில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. பந்தை எறிகிறவன் ஒருத்தன். அவனுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். பிடிக்கிறவர்கள், ஓடுகிறவர்கள் என்று சிலர். இவர்களுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் குனிந்து நிற்பார்கள். எதிரே ஒரு கஜம் தள்ளி எதிரணித் தடியர்கள். அவர்கள் குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ள வருவார்கள், இவர்கள் மறிக்க வேண்டும். ஐந்து பேரில் நடுவில் நிற்பவன் மட்டும் பந்தைக் காலுக்கிடையில் பின்னால் தள்ளிவிடுவான். ஐந்து பேரில் ஒருத்தரும் எறிகிற பந்தைப் பிடிக்கக் கூடாது, அது விதி. டனிலுக் இடது ஓரம். சட்டை எண் அறுபத்து மூன்று.

என் பெயர் லாயிட். அந்த அணியின் சாமான் அறையை இருபத்து நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். ஹெல்மெட், ஷூ, டேப், அழுக்குத் துணி எல்லாம் என் தலையில். ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். பாதிப் பேரின் முகம் மறந்துவிட்டது, ஷூ அளவுதான் நினைவிருக்கிறது. டனிலுக்குடையது பதினைந்து, அகலம் அதிகம்.

அணியில் இத்தனை பேர் கனடாக்காரர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. கோச்சுகள் எறிகிறவனையும் ஓடுகிறவனையும் அமெரிக்காவிலிருந்து இறக்கிவிட்டு, கணக்குக்கு வேண்டிய உள்ளூர்க்காரர்களை முன்வரிசையில் நிறுத்தி வைப்பார்கள். டனிலுக் அப்படி வந்தவன்தான். கனோரா பக்கம் கோதுமையும் கனோலா எண்ணெய் வித்தும் விதைக்கிற உக்ரேனியக் குடும்பம். விதைப்பு முடிந்த மறுநாள் பயிற்சி முகாமுக்கு வருவான். அறுவடைக் காலத்தில் திங்கட்கிழமை விடுமுறைக்கு இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், பகல் முழுக்க அறுவடை இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காதெல்லாம் உமியோடு திரும்புவான். துண்டை நான்தான் துவைக்க வேண்டும். சொன்னால், "நல்ல மகசூல் லாயிட்" என்பான், நான் அதைத்தான் கேட்ட மாதிரி.

பேசுகிற ஆள் கிடையாது. மைனஸ் பதினைந்திலும் முன்வரிசைக்காரர்கள் கையுறை போட மாட்டார்கள். போட்டால் எதிராளி நம்மைக் குளிர் தாங்காதவன் என்று நினைத்துவிடுவானாம். வெறும் கையில் வாஸலினைத் தடவிக்கொண்டு போய் நிற்பார்கள். எத்தனை பேருக்குக் கை மரத்துப்போய் நான் வெந்நீர் ஊற்றியிருக்கிறேன் தெரியுமா? அறிவுகெட்ட கூட்டம். டனிலுக்குக்கு வெந்நீர் ஊற்றும்போது மட்டும் எனக்குத் திட்ட வாய் வராது. அவன் நன்றி சொல்லிவிடுவான்.

அவன் அம்மா பாவ்லினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் ஒரு ஆட்டத்தைக்கூட மைதானத்துக்கு வந்து பார்த்ததில்லை. சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் ரேடியோதான். மகனின் முதல் ஆட்டத்தில் ரேடியோக்காரர் "டனிலுக்" என்று மூன்று முறை சொன்னார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கசகசா ரொட்டி சுட்டு, சர்ச் கூடத்துக்குக் கொண்டுபோய், மகன் பெயர் மூன்று முறை வந்தது என்று ஊருக்கெல்லாம் பரிமாறினார். ஃபுட்பால் தெரிந்த பாதிரியார் இரண்டு துண்டு தின்று முடித்தபிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். முன்வரிசைக்காரன் தப்பு செய்தால்தான் அவன் பெயர் வரும். நடுவர் ஆரஞ்சுக் கொடியை வீசி, ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்லுவார், ரேடியோக்காரர் பெயரைச் சொல்லுவார். ஒழுங்காக ஆடினால் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சர்ச் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் பட்ட அவமானத்தை அந்த அம்மாள் மறக்கவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மகன் என் அறையின் சுவர் போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அம்மாவை உக்ரேனிய வழக்கப்படி "மாமோ" என்பான். தொலைதூரம் என்பதால் கத்திப் பேச வேண்டும் என்று அவர் நினைப்பு; துவைக்கிற இயந்திரத்தைத் தாண்டி எனக்குக் கேட்கும். நல்ல ஆட்டம் என்றால் ஒரே வாக்கியம்: "உன் பேரு வரல." அவ்வளவுதான், பாராட்டு முடிந்தது. கெட்ட ஆட்டம் என்றால், "ரெண்டு தடவ வந்துச்சு. என்னடா பண்ணித் தொலச்ச?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம்.

வருடம் போகப் போக அவன் பெயர் குறைந்துகொண்டே வந்தது. கடைசி மூன்று வருடம் ஊரில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியாது. பெட்ரோல் போடும் இடத்தில் ஒருத்தன் அவனைப் பார்த்து, லாரி ஓட்டுகிறீர்களா என்று கேட்டான். டனிலுக் ஆமாம் என்று சொல்லிவிட்டான். ஏன்டா அப்படிச் சொன்னாய் என்றதற்கு, குளிர்காலத்தில் ஓட்டுகிறேனே என்றான்.

இந்த இடத்தில் டெவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெவன் எங்கள் குவார்ட்டர்பேக், லூசியானாக்காரன். செப்டம்பரிலேயே கம்பளி கேட்பான். வலது கையால் எறிகிறவன் பந்தை எறியத் திரும்பும்போது அவன் முதுகு இடது பக்கம் இருக்கும்; அங்கிருந்து வருகிறவன் அவன் கண்ணில் படமாட்டான். அந்த இடது பக்கம்தான் டனிலுக்குக்கு உரியது. பன்னிரண்டாவது வருடம் டனிலுக் கை எலும்பு முறிந்து ஒரே ஒரு வாரம் வெளியே உட்கார்ந்தான். அந்த வாரம் அவன் இடத்தில் நின்றவனைத் தாண்டி ஒருத்தன் வந்து டெவனின் இடது முழங்காலில் விழுந்தான். ஆபரேஷன் நடந்தது. இன்னொரு அடி பட்டால் ஆட்டம் இல்லை, ஒழுங்காக நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டனிலுக் கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனான். அம்மா செய்த உருளைக்கிழங்கு பெரோகிக் கொழுக்கட்டையை ஒரு வாளி நிறைய எடுத்துக்கொண்டு போவான். கட்டிலருகே உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் திரும்பி வருவான். டெவனே என்னிடம் வந்து, "அந்தப் பெரிசு எம்மேல கோவமா இருக்காரா?" என்று கேட்டான்.

பதினான்காவது வருடம் எங்கள் அணி படு மோசம். அக்டோபர் நடுவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஆட்டங்களை ஆடித் தீர்க்க வேண்டும், அவ்வளவே. அந்த வருடத்தோடு போதும் என்று டனிலுக் கோச்சிடம் சொல்லியிருந்தான். கடைசி ஆட்டம் வரை அந்த வருடம் அவன்மேல் ஒரு கொடிகூட விழவில்லை. பதினேழு ஆட்டம், ஒரு கொடி இல்லை. பத்திரிகையில் வந்ததா? வராது. எனக்குத் தெரியும், கனோராவில் ஒரு சமையலறைக்குத் தெரியும்.

ஒரு நாள் ஷூவுக்கு ஆணி மாற்றிக்கொண்டிருந்தேன். எதிரே டனிலுக் விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் விரல்களில் நாலு உடைந்து உடைந்து சேர்ந்தவை, முழுதாக நிமிராது. மேஜையில் ஒரு பந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினாலு வருஷமா இது பக்கத்துலயே இருக்கேன் லாயிட். ஆட்டத்துல ஒரு தடவ, ஒரே தடவ, இத கையில வாங்கிப் பாக்கணும்."

வேறு எதையும் அவன் என்னிடம் ஆசை என்று சொன்னதில்லை. கேட்டதும் ஆணியைத் தவறான ஷூவில் அடித்துவிட்டேன்.

நேரே கோச்சிடம் போய்ச் சொன்னேன். சாமான் அறைக்காரன் ஆட்ட யோசனை சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. கோச் ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காகிதத்தை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தார்.

விதியில் ஒரு ஓட்டை உண்டு. பந்து பின்னால் தள்ளப்படுமுன் முன்வரிசைக்காரன் நடுவரிடம் போய், இந்த ஒரு தடவை நானும் பந்து பிடிக்கலாம் என்று பதிவு செய்துகொண்டால் பிடிக்கலாம். நடுவர் அதை எதிரணிக்கும் சொல்லிவிடுவார். சொன்னாலும் அவர்கள் நம்ப மாட்டார்கள், முந்நூற்றுப் பத்து பவுண்டு ஆளுக்கு யார் பந்து எறிவார்கள்? திட்டம் இதுதான்: டனிலுக் தன் எதிராளியை இரண்டு எண்ணும்வரை மறிப்பான், பிறகு விட்டுவிட்டு முன்னால் நழுவிப்போய்த் திரும்புவான். விட்ட ஆளைப் பின்னாலிருந்து ஓடிவருகிற ஒருத்தன் பார்த்துக்கொள்வான். டெவன் பந்தை மெதுவாகத் தூக்கிப் போடுவான். கடைசி ஆட்டத்தில், பந்தோடு தாண்டினால் புள்ளி கிடைக்கிற எதிரணிக் கோட்டுக்கு அருகில் போனால் இதை ஆடுவது என்று முடிவாயிற்று.

இரண்டு வாரம் என் அறையில் ஒத்திகை நடந்தது. நான் நடுவர். அவன் துவைக்கிற இயந்திரங்களுக்கு நடுவே வந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "அறுபத்து மூணு, பதிவு பண்ணிக்கிறேன்" என்பான். "காதுல விழல, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்பேன். பதினான்கு வருடத்தில் அவன் நடுவரிடம் தானாகப் போய்ப் பேசியதே இல்லை. அவர்கள்தான் வந்து பேசியிருக்கிறார்கள். பிறகு சுருட்டிய காலுறைகளை அவன்மேல் எறிவேன். முதல் நாள் பத்தில் இரண்டு பிடித்தான். விரல் நிமிராத இடத்தில் நெஞ்சை வைத்து அணைத்துப் பிடிக்கப் பழகினான். இரண்டாவது வாரம் பத்துக்கு ஒன்பது. அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். பிடித்தால் பெயர் வரும், பெயர் வந்தால் அம்மா பயப்படுவார், பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்றான்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை பகல் ஒரு மணி. மைனஸ் ஒன்பது, வெயில் கண்ணைப் பறித்தது. புல்தரை சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. எங்கள் ஜனங்கள் பச்சைச் சட்டையும், தலையில் தொப்பி மாதிரி குடைந்த தர்பூசணியுமாக வந்திருந்தார்கள். அணி கடைசி இடத்தில் இருந்தாலும் தர்பூசணியில் குறை வைக்க மாட்டார்கள். மூன்று மணி நேரம் ஆடி, கடைசி நிமிடத்தில் பதினோரு புள்ளி பின்னால் நின்றோம். இனி என்ன செய்தாலும் தோல்விதான். ஆனால் பந்து எதிரணிக் கோட்டிலிருந்து நாலு கஜத்தில் இருந்தது. கோச் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

டனிலுக் நடுவரிடம் நடந்து போனான். நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, சொன்னான். நடுவர் எதிரணிக்குச் சொன்னார். அவர்களில் ஒருத்தன் சிரித்தான். என் கையிலிருந்த துண்டை நான் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

பந்து பின்னால் போயிற்று. ஒன்று, இரண்டு. டனிலுக் தன் ஆளை விட்டான். நழுவினான். எட்டு கஜத்துக்கு அவனைச் சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பினான். கையை விரித்தான். டெவன் பந்தைத் தூக்கிப் போட்டான். இதைவிட அழகாகக் காலுறையை நான்கூட எறிந்ததில்லை.

நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானமே பந்தைத்தான் பார்த்தது. பந்து போய் இறங்கிய இடத்தில் விரித்த கை இல்லை. டனிலுக் குனிந்து, கோட்டை விட்டுத் திரும்பி எங்கள் பக்கமாகவே ஓடிவந்துகொண்டிருந்தான். பந்து அவன் ஹெல்மெட் உச்சியில் "டொக்" என்று பட்டு, மேலே எழும்பி, தரையில் விழுந்து உருண்டது. அதே நேரம் அவன் எதிராளி ஒருத்தனைப் பின்பக்கமாக இடித்துத் தள்ளினான். பின்னால் இடிப்பது விதிக்குப் புறம்பு. ஆரஞ்சுக் கொடி விழுந்தது. நடுவர் ஒலிபெருக்கியில் அறுபத்து மூன்று என்றார். அந்த வருடத்தின் முதல் கொடி.

ஜனங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தர்பூசணி கழன்று விழும்படி சிரித்தார்கள். தலையால் பந்து பிடிக்கிறான் பார் என்று ஒருத்தன் கத்தினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் துண்டைத் தரையில் அடித்தேன். அவர்கள்மேல் இல்லை, டனிலுக்மேல்தான் ஆத்திரம். இரண்டு வாரம்! தொண்டை தண்ணீர் வற்ற நடுவர் வேஷம் கட்டி, காலுறை எறிந்து தோள் வீங்கி, கோச்சிடம் போய்ப் பல்லைக் காட்டி வாங்கிக் கொடுத்தால், பயந்து திரும்பி ஓடி வந்துவிட்டானே பாவி!

ஆட்டம் முடிந்து எல்லோரும் உள்ளே வந்தார்கள். டெவன் நேராக வந்து டனிலுக்கின் ஹெல்மெட்டைத் தட்டினான்.

"என்ன பெரிசு, பூ மாதிரி கையில குடுத்தா தலையால வாங்குறீங்க?"

"வெயில் கண்ணுல பட்டுச்சு" என்றான் டனிலுக்.

டெவன் சிரித்துக்கொண்டே அவனைக் கட்டிப்பிடித்தான். மறுநாள் காலை விமானத்தில் லூசியானா போகிறான். இரண்டு காலிலும் குதித்துக் குதித்துக் குளிக்கப் போனான். நான் டனிலுக்கின் சட்டையை வாங்கி அழுக்குக் கூடையில் வீசினேன்.

அறைகள் காலியான பிறகும் அவன் உட்கார்ந்து விரலிலிருந்து டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். போன் பக்கம் போகவே இல்லை. கடைசியில் போன் தானாக அடித்தது. பதினான்கு வருடத்தில் அந்த அம்மாள் இங்கே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் எழுந்து போய் எடுத்தான்.

"ரெண்டு தடவ வந்துச்சு" என்று கேட்டது அம்மாவின் குரல். "நீ பந்த விட்டுட்டியாம், அது ஒண்ணு. பின்னால இடிச்சியாம், அது ஒண்ணு. ரேடியோக்காரன் சிரிக்கிறான். என்னடா நடந்துச்சு?"

வெயில் என்று சொல்வான் என்று நினைத்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குப் பதிலா மறிக்க வந்தவன் வழுக்கி விழுந்துட்டான் மாமோ. நான் விட்ட ஆளு டெவன் பின்னாடி நேரா போயிட்டான். அவனும் வழுக்கிட்டான். விழுந்துட்டே வந்தான், அந்த முழங்கால் மேலயே. டெவனுக்குத் தெரியல. பந்து வந்துட்டு இருந்துச்சு. நான் பாத்துட்டேன்."

நான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

"அந்தப் பையனுக்கு அடி பட்டுச்சா?"

"இல்ல மாமோ."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாளைக்கு ஊருக்குப் போறான். சந்தோஷமா போகட்டும்."

"நீ பந்த வாங்கணும்னு இருந்தியாடா?"

அவன் நிமிராத விரல்களை ஒரு தடவை விரித்துப் பார்த்தான்.

"ஆமா மாமோ."

அந்த அம்மாள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு, தொலைதூரம் என்பதை மறந்ததுபோல, அவர் கத்தாமல் பேசினார். இயந்திரம் நின்றிருந்ததால் கேட்டது.

"ஓரெஸ்ட். உன் பேரு வரல."

அவன் போனை வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றான். மேலே அடுக்கில் துவைத்து மடித்த துண்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்து அவன் தோள்மேல் போட்டேன். இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டேன்.